அரை நூல் குறை

நாகலூர் எஸ்டேட்டில் காப்பி மூட்டைகளுக்குப் பின்னால்
நாற்பத்தோரு வருசம் நின்றதாம்.
இருபது கொண்டை ஊசிகளையும்
லாரியின் முதுகில் இறங்கி
சூரமங்கலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தபோது
முன்சீட்டுக்குள் மிளகுக்கொடி ஒன்று
வேரோடு வந்திருந்தது.
அன்வர் அதை எறியவில்லை. எண்ணெய் டின்னில் நட்டான்.
அது வேறு கதை; செத்துப்போச்சு.

வண்டிக்காரர் பெயர் மகுடேஸ்வரன்.
விலை சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.
இன்ஜினும் சேசியும் ஒரு கம்பெனி,
உடம்பு வேறொருவர் லண்டனில் கையால் கட்டியது,
இந்த மாதிரி உலகத்திலேயே மூன்றோ நாலோ என்பார்.
படித்தகட்டில் அந்தக் கோச்சுக்காரர் பேர்
பித்தளையில், தேய்ந்து, இருந்தது.
அதைத் துடைக்கக் கூடாது என்று
தினமும் வந்து சொன்னார்.

என் வேலை மெத்தை, தோல், உள்துணி.
பழையதை உரித்தால்தான் புதியதை அளக்க முடியும்.
உரித்தேன்.
வெள்ளிப்பூச்சி கொட்டியது, கை நிறைய.
இதுகளுக்கு இங்கே என்ன விருந்து?
துணியை நனைத்து மோந்தேன்.
கஞ்சி.
மரவள்ளிக் கிழங்குமாவுக் கஞ்சி.
சேகோ ஆலைக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு
அந்தப் புளிப்பை
யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம்.

துணிக்கு அடியில் மரச்சட்டம்.
சீமை மரம் என்று சொல்லியிருந்தார்கள்.
ஆரோக்கியம் ஒரு செதிலை எடுத்து
டம்ளர் தண்ணீரில் போட்டான்.
டீ குடித்து முடிப்பதற்குள்
தண்ணீர் தேன்நிறமாகி,
வெயிலில் தூக்கினால் ஓரத்தில் நீலம்.
'வேங்கை' என்றான்.
சட்டத்துக்குச் சட்டம் பென்சிலில் ௧, ௨, ௩.
நாலாம் கதவின் பூட்டுப் பக்கம்,
சாய்ந்த கையெழுத்தில்:
அரை நூல் குறை.

அங்குலத்தை எட்டாகப் பிரித்து
அதிலும் பாதியைக் கேட்கிற லண்டன் தச்சன்
எந்தத் தெருவில் இருந்தான்?

மகுடேஸ்வரன் வந்தார். டார்ச் அடித்தார்.
எண்பது வருசம் முன்னால் ஒரு புயலில்
ஷெட்டின் மேல் சில்வர் ஓக் விழுந்ததாக
வீட்டில் ஒரு பேச்சு உண்டாம்.
ஷெட்டோடு போயிற்று என்றுதான்
இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம்.
பிறகு பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.
'மார்ச்சில் பெங்களூர்லருந்து பார்க்க வராங்க.
இழைச்சிடுங்க.'

நாலாம் கதவு எப்போதும் இடிக்கிற கதவு.
ஓங்கி அறைந்தால்தான் சேரும்.
இரண்டு முறை கீல் மாற்றியும் அதே பிடிவாதம்.
ஆரோக்கியம் இழைப்புளியை எடுத்தான்.
எழுதியவன் சொன்ன இடத்தில்
எழுதியவன் சொன்ன அளவு,
எழுத்துக்கு மறுபக்கம்,
இழைத்தான்.

சாத்தினோம்.
வாய்க்குள் கற்கண்டு இடம் மாறுகிற மாதிரி
பூட்டு விழுந்தது.
மகுடேஸ்வரன் திறந்தார். சாத்தினார்.
திறந்தார்.
ஏழு தடவை எண்ணினேன்.
எழுத்து போய்விட்டதா என்று அவர் கேட்கவில்லை.
நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

மூடுவதுதானே என் தொழில்.
மூன்று கதவின் தோலையும் ஆணி வைத்து இறுக்கினேன்.
நாலாவதுக்கு
அம்மாபேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவர்கள் வாங்குகிற
பிரஸ் பட்டன்.
தோல் மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாது.
ஒளிக்கவும் இல்லை, பில்லில் இருக்கிறது:
பட்டன் ஆறு, ரூபாய் பதினெட்டு.

சோதனை ஓட்டம் ஏற்காட்டுக்கே.
கோரிமேட்டில் பள்ளிப் பிள்ளைகள் கத்தினார்கள்.
மகுடேஸ்வரன் முன்னால்,
நான் பின்னால், நாலாம் கதவோரம்.
பதினாலாவது வளைவில்
உடம்பு லேசாக முறுகியது;
மரம் அப்படித்தான், வளைவில் பேசும்.
டக்.
ஒரு பட்டன்.

கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார்.
நான் கீழே
வெள்ளைக்கல் சுரங்கத்தின் மேல் கிடந்த
வெயிலைப் பார்த்தேன்.
கியர் மாற்றினார்.
இன்னும் ஆறு வளைவு.
ஐந்து பட்டன்.