இடப்பெயர்ச்சி

செல்போன் ஸ்டாண்டு முந்நூற்றைம்பது ரூபாய்.
தேசப்பன் இலவசம்.
கடைசி பெஞ்சு, நல்ல உயரம்,
காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிப் பழகிய கை.
"ஆடாம பிடிச்சிக்கணும், நாப்பது நிமிஷம்."
"செல்லு தான டீச்சர், இதுல இன்னா கீது."

கொருக்குப்பேட்டை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை
சார்ட் ஒட்டி மறைத்தாயிற்று.
உள்ளங்கை அகலத் திரையில், எங்கோ வேலூரில்,
குணசுந்தரி மேடம்.
அவருக்குப் பின்னால் ஒரு காலண்டர், போன மாதத்துடையது.
"தொடங்கலாம்மா."
சிவப்புப் புள்ளி மினுக்குகிறது.

வேலை என்பது யாது?
விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி.
பொருள் நகரவில்லை என்றால்
எவ்வளவு வியர்த்தாலும் வேலை பூஜ்யம்.
ஷமீனாவைச் சுவரைத் தள்ளச் சொன்னேன்.
தள்ளினாள்.
சுவர் நகரவில்லை, சார்ட் கிழிந்தது.
வகுப்பு சிரித்தது. மேடம் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போது கேட் சாத்திக் கூட்ஸ் வண்டி வந்தது.
இங்கே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை,
பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள்.
நானும் நிறுத்தினேன், வாய் பாதி திறந்தபடி.
பாடத்திட்டத்தில் கூட்ஸ் வண்டிக்கு
நிமிஷம் ஒதுக்கியிருக்கவில்லை.

கடைசிப் பெட்டியும் போனபின்
செல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
"கை விட்டுப்போவுது டீச்சர்.
அப்ப நான் செய்றது வேல இல்லியா?"

"யாரும்மா அது? ஃபிரேமுக்குள்ள வரச் சொல்லுங்க."

எப்படி வரச் சொல்வது.
அவன் வந்தால்
நாங்கள் எல்லோரும் போய்விடுவோம்.

"அறிவியல்படி இல்லை" என்றேன்.
"பெட்டியத் தோள்ல வச்சிக்கினு
லாரிக்கு நிக்கிறமே, அது?"
"அதுவும்."
நாற்பத்தோரு பேரும்
அன்று முதல்முறையாக அமைதியானார்கள்.
சூத்திரத்தை இன்னொரு முறை எழுதினேன்,
முதுகைக் காட்டிக்கொள்ள.

சாயங்காலம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது.
கரும்பலகைப் பயன்பாடு நன்று.
துணைக்கருவி சேதம்.
வினா எழுப்பிய மாணவர் திரையில் இல்லை,
எனவே கணக்கில் கொள்ளப்படவில்லை.
இறுதிப் பத்து நிமிடம் படம் நடுங்கியது:
இரண்டு மதிப்பெண் குறைவு.

பஸ்ஸில் நின்றபடி அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன்,
தண்டையார்பேட்டை தாண்டும்வரை.

நடுங்கியது என்றால்
நகர்ந்திருக்கிறது.

தேசப்பனிடம் சொல்ல வேண்டும்.
திங்கட்கிழமை வருவான்,
படகு வராவிட்டால்.