எத்தனை நாளாக

கட்டத்தில் இரண்டு இலக்கம்தான் கொள்ளும்.
எண் விழுந்தால்தான் சீட்டு
டாக்டர் மேசைக்கு நகரும்.
கோட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
எட்டு வருடமாக அதை நிரப்புகிறவள் நான்.

"கொஞ்ச நாளா" என்பார்கள்.
காது குடைகிற பையனுக்கு அது நேற்று ராத்திரி.
பாவாடைசாமிக்கு, தோண்டிக் கேட்டால்,
மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து.
அந்த மகள் உள்ளே படுத்திருக்கிறாள்,
மூணாவது பிரசவம்.

"தண்ணி வந்தன்னைலேர்ந்து" என்று சொன்னால்
எந்த வாய்க்கால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
தலைமடைக்காரருக்கு ஒரு தேதி,
கடைமடைக்காரருக்குப் பன்னிரண்டு நாள் தள்ளி.
காய்ந்து கிடந்த வருடத்திலும் ஒருவர் அப்படியே சொன்னார்.
"உங்க ஊருக்குத் தண்ணியே வரலையே."
"மேட்டூர் தொறந்தாங்கல்ல, பேப்பர்ல போட்டிருந்துச்சே."
பேப்பர் தேதியிலிருந்து எண்ணிப் போட்டேன்.

"கொஞ்சமாத்தான் குடிப்பேன் சிஸ்டர்."
பின்னால் நின்ற மனைவி
மோவாயைச் சொறிகிற மாதிரி நாலு விரலைக் காட்டினாள்.
நாலு என்று எழுதினேன்.
வாரத்துக்கு நாலு நாளா, நாளைக்கு நாலு குவார்ட்டரா,
படிவம் கேட்கவில்லை, நானும்.

"வீட்டுக்காரர் எப்ப சவுதி போனாரு?"
"இப்பத்தான்க்கா" என்றாள் ஷரிபா.
அவள் முந்தானையைப் பிடித்து நின்ற பிள்ளைக்கு
முன்பல் விழுந்து முளைத்திருந்தது.

இதெல்லாம் பழகிவிட்டது.
"செத்த நேரம்" என்றால் அரை மணி.
"ஒரு வாய்தான் சாப்ட்டேன்" என்றால் சர்க்கரை முந்நூறு.
"லேசா" என்ற சொல்லுக்குத்தான்
இன்னும் எனக்குக் கணக்கு வரவில்லை.

புரட்டாசியில் தையல்நாயகி வந்தாள்.
நகக்கண்ணெல்லாம் சேறு.
"தோள்பட்டை லேசா வலிக்குது. ரெண்டு நாளா."
கேட்டவுடன் எண் கிடைத்த சந்தோஷத்தில்
02 என்று அழகாகப் போட்டேன்.
பூஜ்யம்கூடக் கோட்டைத் தொடவில்லை.
மூன்று வேளைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் மறுபடி வந்தாள்.
இந்தத் தடவை டாக்டர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
வெளியே வந்து என் பழைய பக்கத்தைத் திருப்பி
அந்த எண்மேல் பேனாவை வைத்தபடி
ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
மார்பில் இருந்தது
எலுமிச்சம்பழம் அளவு.

"ரெண்டு நாள்னுதானே சொன்னே?"
என் குரல் உயர்ந்துவிட்டது.
"ஆமா, ரெண்டு நாளுதான்.
நடவு முடிஞ்சு வீட்ல இருந்தேன்ல, அந்த ரெண்டு நாளு.
மத்த நாள்ல வலிச்சுதா இல்லையான்னு
பாக்க யாருக்கு நேரம்?"

பொய் இல்லை அது.
அவள் கையில் இருந்த நாட்களை
அவள் சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி
டாக்டர் என்னிடம் சொன்னார்:
"சீக்கிரம் போகச் சொல்லுங்க."
சொன்னேன்.
சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தபடி கேட்டாள்:
"சீக்கிரம்னா?
இந்தக் களையை எடுத்துட்டுப் போலாமா?"

"இன்னிக்கே."
"இன்னிக்குன்னா,
பொழுது சாயறதுக்குள்ளயா,
இல்ல இந்தா இப்பவேவா?"

பதிவேட்டை மூடினேன்.
வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர்.
"சித்த இருங்க, வந்துர்றேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு
அவளுடன் கூட்டுரோட்டுக்கு நடந்தேன்.

பஸ் எப்ப வரும் என்று டீக்கடையில் கேட்டோம்.
"இதோ" என்றார்.