ஒட்டரிசி

நாற்பது குப்பிகள், ஊதா மூடி.
ஐஸ்கிரீம்காரனிடம் வாங்கிய பழைய பெட்டியில்
பாதிக்கு ஐஸ், மீதிக்கு ஊர்.

"காலையில் எழுந்ததும் முதல் நீர்,
நடுவாந்திரம் பிடியுங்கள்" என்று
வாசல்தோறும் சொல்லிச் சொல்லி
எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று.
கம்பூன் மட்டும் இன்னும் சிரிக்கிறார்:
"அரிசிச் சாராயம் கேட்டு வருவாய் என்று பார்த்தால்
இதையா கேட்கிறாய், புவாக்கேவ்?"
அவர் குப்பிதான் எப்போதும் நிரம்பி வழியும்.
அவர் எண்தான் எப்போதும் கூடுதலாக வரும்.

மேலே மலையில் துத்தநாகம் தோண்டினார்கள்.
கீழே ஓடை. ஓடையிலிருந்து வாய்க்கால்.
வாய்க்காலிலிருந்து எங்கள் வயல்.
இதைத் தவிரக் கதையில் ஒன்றுமில்லை.
எது சத்து, எது காட்மியம் என்று
பிரித்துப் பார்க்க நெல்லுக்குத் தெரியாது;
வேர் கேட்டது, தண்ணீர் கொடுத்தது.
கதிரில் பதர் இல்லை. மணி கறுக்கவில்லை.
ருசியும் மாறவில்லை,
அதைத்தான் இன்றுவரை
என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

புன்மா அக்காவின் இடுப்பு ஒடிந்தது வழுக்கி விழுந்து அல்ல.
கோழிக்குத் தவிடு போடக் குனிந்தாள், அவ்வளவே.
சுள்ளி முறிந்த சத்தம்
வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.
டாக்டர் சிறுநீரகம் என்றார், பிறகு எலும்பு என்றார்,
பிறகு, எத்தனை வருடமாக இந்த அரிசி என்றார்.
அவள் விரலை மடக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தி
தன் வயதைச் சொன்னாள்.

ஒரு வருடம் மாவட்ட அலுவலகம்
விளைந்த நெல்லை எல்லாம் விலைகொடுத்து வாங்கியது.
எடை, ரசீது, கைநாட்டு, எண்ணிவைத்த பாட் நோட்டுகள்.
நல்ல விலை; மறைக்க மாட்டேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குவித்து எரித்தார்கள்.
மூன்று நாள் ஊர் முழுக்கச்
சோறு அடிபிடித்த வாசம்.
முதல் நாள் பகலில்
வீட்டுக்கு வீடு பெண்கள் அடுப்பைப் பார்க்க ஓடினார்கள்.
நானும் ஓடினேன்.
என் அடுப்பு அணைந்து கிடந்தது.

இப்போது அங்கே கரும்பு.
தின்பதற்கு அல்ல, லாரிக்கு எரிபொருளாகப் போகிறதாம்.
வெட்டுவதற்கு எல்லை தாண்டி பர்மாவிலிருந்து வருகிறார்கள்;
ஓடையோரம் கூடாரம், ஓடையில்தான் மீன், கீரை எல்லாம்.
அவர்களுக்கு என்னிடம் குப்பி இல்லை.
கரும்புக் காசில் நாங்கள் அரிசி வாங்குகிறோம்,
மூட்டைமேல் யானைப் படம்.
எந்த மலை, எந்தத் தண்ணீர் என்று
யானை சொல்வதில்லை.

கரும்புக்கு நடுவே, சாலையிலிருந்து தெரியாத இடத்தில்,
கம்பூன் ஒரு பாத்தி ஒட்டரிசி போட்டிருக்கிறார்.
எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"கடைச் சோறு கையில் உருளவே மாட்டேன் என்கிறது" என்பார்.
இன்று குப்பியோடு சேர்த்து
மூங்கில் கூடை ஒன்றையும் நீட்டினார், ஆவி பறக்க.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

மழை ஈரத்தில் லேபிள்கள் உரிந்துகொண்டு வந்தன.
பசை கொண்டுவரவில்லை.
கூடையில் மிஞ்சியதில் ஒரு பருக்கை,
கட்டைவிரலால் நசுக்கி,
பெயர், வயது, வீட்டு எண்
ஒவ்வொன்றாக ஒட்டினேன்.
நன்றாகப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தொன்பது ஆயிற்று.
ஆய்வகத்து வண்டி ஹாரன் அடிக்கிறது.
கடைசிக் குப்பியை எடுத்துக்கொண்டு
கொல்லைப்பக்கம் போகிறேன்.
முதல் நீர் இல்லை இது; எழுதிக்கொள்ளட்டும்.
விரல் இன்னும் பிசுபிசுக்கிறது,
மூடி திறக்க வரவில்லை.