வலது கணுக்கால்

ஆறே முக்காலுக்குக் கோபர்க்கில் மிதிக்கத் தொடங்கினால்
ஏழேகாலுக்கு ஆய்வகம்.
ஊரார் ரத்தம் குப்பிகளில் காத்திருக்கும்.
நடுவில் ஏழு கிலோமீட்டர்,
எதிர்க்காற்று தனிக்கணக்கு.

வலது கால்சட்டையைச் சுருட்டிக் காலுறைக்குள் செருகுவேன்.
செருகினால் எடுக்க மறந்துவிடும்.
அப்படியே கூட்டத்தில் எழுந்து நின்று
மாத அறிக்கை வாசித்திருக்கிறேன்,
ஒரு கால் அலுவலகத்தில்,
ஒரு கால் சேற்றில் இறங்கப்போகிற மாதிரி.
செருக மறந்தால்
சங்கிலி ஒரு வாய் கடித்துப் பார்க்கும்.

சிட்னி ரோட்டு டிராம் தண்டவாளத்தை
நேராகக் கடக்க வேண்டும்.
கொஞ்சம் சாய்ந்தோமோ, கந்துவட்டிக்காரன் பிடி.
விழுந்த அன்று ரொட்டிக்கடைக்காரர் ஓடி வந்தார்,
முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்,
அப்புறம் என்னை.
நானும் அந்த வரிசையில்தான் தூக்கியிருப்பேன்.
என் கறுப்புச் சட்டையின் முதுகில்
அவருடைய மாவுக்கை
மாலை வரை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

வசந்தம் வந்தால் மேக்பை.
கூட்டுக்குக் காவலாம்; கொத்துவது என் காதை.
ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முள் கட்டிப்
பலாப்பழமாய்ப் போனேன்.
பழம் என்று தெரிந்ததும்
இன்னும் ஆசையாய் வந்தது.

தினமும் எதிரில் ஒருத்தி வருவாள்.
மஞ்சள் மழைக்கோட்டு, பின்னால் ஆரஞ்சுப் பை.
ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.
பூங்காக் கழிப்பறைக்கு அந்தப் பக்கம் பார்த்தால்
நேரத்துக்குப் போகிறேன்.
இந்தப் பக்கமே பார்த்துவிட்டால்
இன்னும் அழுத்தணும்.
கைக்கடிகாரம் கட்டுவதை விட்டு
இரண்டு வருஷமாகிறது.

மே மாதம், ஒரு செவ்வாய். தூறல்.
பின்சக்கரம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.
பம்பு இருந்தது, ஒட்டு இருந்தது,
டயரை நெம்பும் துண்டு மட்டும்
வீட்டு மேசையில் பத்திரமாக.
சாப்பாட்டுப் பையில் கரண்டியைத் தேடி
அதை வைத்து நெம்பினேன்.
டயர் கழன்றது, கரண்டி வளைந்தது.
மதியம் தயிர்சாதம்
ஒரு திருப்பம் சுற்றித்தான் வாய்க்கு வந்தது.

மறுநாள் அவள் வரவில்லை.
வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை.
நான் சீக்கிரமா தாமதமா
என்றே தெரியாமல் மிதித்தேன்.

சனிக்கிழமை, மருந்துக்கடை வரிசை.
எனக்கு முன்னால் அரைக்கால்சட்டை போட்ட ஒரு பெண்,
இடது கை கட்டுக்குள்.
வலது கெண்டைக்காலின் உள்பக்கம்
பல்சக்கரத்தின் கறுப்பு முத்திரை, ஆறு பல்.
குனிந்து பார்த்தேன்.
என் காலில் ஐந்து.

திரும்பியவள் முகத்தைப் பார்க்கவில்லை,
காலைத்தான் பார்த்தாள்.
"செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை" என்றாள்,
வணக்கத்துக்குப் பதிலாக.
"கழிப்பறையும் தாண்டிவிட்டேன், உன்னைக் காணோம்.
எனக்குத்தான் நேரமாகிவிட்டது என்று
வளைவில் வேகமெடுத்தேன்.
ஈரச் சருகு."

டெஸ்பினாவாம் பெயர்.
என் பெயர் எழினி என்றேன்.
ழகரத்தில் இறங்கி,
கொஞ்சம் தள்ளிக்கொண்டு நடந்து,
மறுபடி ஏறினாள்.
கரண்டிக் கதையைச் சொன்னேன்.
சிரித்தாள். சிரித்ததில் மணிக்கட்டு வலித்து
கிரேக்க மொழியில் ஏதோ சொன்னாள்.
எனக்காகவும் இருக்கலாம்,
கரண்டிக்காகவும் இருக்கலாம்.
அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திங்கள். பையில் நெம்புகிற துண்டு இரண்டு.
கால்சட்டையைச் செருகியாயிற்று.
கழிப்பறைக்கு அந்தப் பக்கம்,
சரியாக அவள் வரவேண்டிய இடத்தில்,
வெறும் பாதைக்குத் தலையசைத்தேன்.
நாயோடு வந்த ஒருவர் குழம்பிப்போய்
பதிலுக்கு அசைத்தார்.
இனி அவருக்கும்
தினம் ஒன்று போட வேண்டும்.