வெறுவயிற்றில்

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில்
புதன்கிழமை சீனிக் கிளினிக்.
நாற்பத்தோராம் நம்பர் துண்டு என் கையில்.
பக்கத்து வாங்கில் இருந்தவ கேட்டா:
"ஆருக்குப் புள்ள வந்த நீங்க? அம்மைக்கா?"
ஓம் என்றேன்.
அம்மை வீட்டில் நல்ல சுகமாக
மீன் கழுவிக்கொண்டிருந்தா.

எனக்கு இருபத்திமூன்று.
கலியாண வீட்டுக்கு
ஒருநாள் முந்திப் போனவள் மாதிரி
இந்த வருத்தத்துக்குள் வந்து நிற்கிறேன்,
எங்கே இருப்பதென்று தெரியாமல்.

தாதி விரலைக் கேட்டா, கொடுத்தேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
"ராவு சோறா?" இல்லை.
"இனிப்பு?" இல்லை.
"குளிசை போடுறயா?" ஓம், ஓம்.
தலையில் தண்ணீர் வார்த்து ஒன்பது நாள்.
அதை எழுத
கொப்பியில் கட்டம் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
காலையில் கண் முழித்தால்
போர்வைக்குள் இன்னொருத்தி
எனக்கு முந்தியே களைத்துக் கிடக்கிறாள்.
அவளை எழுப்பி, முகம் கழுவி,
சீனி போடாத பிளேன்ரீ பருக்கி,
கம்யூனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போய்
ஊராருக்கு ரீலோட் போட வைக்க
என்ன பாடு படுகிறேன் என்று.
சிநேகிதி லட்டு நீட்டினால்
"டயட்" என்று சிரிப்பது நான்.
நடுச்சாமத்தில் தகரத்தைத் திறந்து
லைட் போடாமல், நின்றபடியே
நாலு துண்டு தொதல் தின்பது அவள்.
அழுவது ஆர் என்று
நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

மருந்து வரிசையில் எனக்கு முன்னால்
கழக ஜேர்சி போட்ட ஒருவன்,
முதுகில் பதினொன்று.
கொப்பியைப் பேப்பருக்குள் சுருட்டியிருந்தான்,
சாராயப் போத்தல் சுருட்டுவதுபோல.
"அப்பாவுக்கா?" என்றேன்.
"ஓம்."
பிறகு என் விரல் நுனியைப் பார்த்தான்.
கறுப்புப் புள்ளிகள்.
நான் அவனுடையதைப் பார்த்தேன்.

"ஜதுஷன்!"
சன்னலுக்குள் இருந்து கூப்பிட்டார்கள்.
அப்பாமாருக்கு வைக்கிற பெயர் இல்லை அது.
குளிசைப் பையை வாங்கித் திரும்பியவன்
என்னைப் பாராமல் கேட்டான்:
"உங்களுக்கு நித்திர வருதா?"

மாரியில் வாவி முட்டி
வயலுக்குள் தண்ணி ஏறும்போது
ஓந்தாச்சிமடத்தில் பெக்கோ வைத்து
முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள்.
முதலில் விரலகலத்துக்குத்தான் ஓடும்.

"இல்லை" என்றேன்.

கேற்றுக்கு வெளியே வடை வாசம்.
நேற்றைய தொதலுக்குப் பிறகு
நான் ஒன்றும் தின்னவில்லை.
அவன் கேட்டான், நான் சொன்னேன்,
பிறகு அவன் சொன்னான்.
கல்முனை பஸ் ஒன்று வந்தது.
அதைப் போக விட்டோம்.