உள்மடிப்பு

பெரியாஸ்பத்திரி ஸ்கேன் அறையில்
ஜெல்லின் குளிருக்கு நெளிகிறாள் நாகஜோதி.
வலப்பக்கம் ஒன்று.
இடப்பக்கம், எட்டு வருஷமாகத் தேடியும்,
ஒன்றுமில்லை.

பிறந்த வாரம் அஞ்சரை சென்டிமீட்டர்.
எனக்கு இஞ்சில் சொன்னால்தான் புரியும்.
செல்லூரில் கழுத்தில் டேப்போடு திரிகிறவள் நான்.
இரண்டு இஞ்சு, கொஞ்சம் தூக்கலாக:
வெட்டுமேசையிலிருந்து
கூட்டித் தள்ளுகிற துண்டளவு.

முதல் மாதங்களில் அதற்கு வேலை தெரியாது என்றார் டாக்டர்.
தண்ணீரை இழுத்து வைக்கவும் தெரியாது
கூடினால் தள்ளிவிடவும் தெரியாது.
சித்திரை வெக்கையில் பக்கத்து வீட்டு மரகதம்
சங்கில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
பால் மட்டும்தான் என்று வாசலிலேயே மறித்தேன்.
இரண்டு வருஷம் பேச்சில்லை எங்களுக்குள்.
அந்த இரண்டு வருஷத்தில்
பெரியவர்களைப் போலவே
வடிக்கப் பழகிவிட்டது அது.

புதிதாக ஒரு வடிகட்டியும் முளைக்காதாம்.
வயிற்றுக்குள்ளேயே எண்ணிப் போட்ட தையல்,
வெளியே வந்தபின் ஒன்றும் கூடாது.
இருக்கிறதே நீளும், இருக்கிறதே பருக்கும்.
ஒற்றை என்றால்
இல்லாததன் பங்குக்கும் சேர்த்துப் பருக்கும்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
ஜூன்தோறும் அவள் யூனிஃபார்மில்
நான் பிரித்துவிடுகிற உள்மடிப்பு அது.
வெளுக்காத நீலம் ஒரு விரற்கடை
அன்றுதான் வெயிலைப் பார்க்கும்.

இன்று ஒன்பது புள்ளி ஆறு.
"நல்லா வளந்திருக்கு" என்றவர்
பேனாவை மூடாமல் கேட்டார்:
"ஒண்ணுக்கு அடக்குறாளா?"

ஷேர் ஆட்டோவில் கோரிப்பாளையம் சிக்னல் வரை
வாய் திறக்கவில்லை.
பச்சை விழுந்ததும் சொன்னாள்:
"பாத்ரூமுக்குக் கதவு இல்லம்மா.
பயலுக எட்டிப் பாக்குறாய்ங்க."

மூன்று மாதமாக வாட்டர் பாட்டில்
நிறைந்தே வீடு திரும்பியது.
குடித்துவிட்டு மறுபடி பிடித்து வருகிறாள் என்று
மரகதத்திடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

ராத்திரி
வெட்டில் மிஞ்சிய நீலத்தையெல்லாம் ஒட்டுப்போட்டு
ஆறடியில் ஒரு திரை.
காற்றுக்குத் தூக்காமலிருக்க
கீழ்விளிம்பில் பழைய சைக்கிள் செயின்.
உள்மடிப்பு விடவில்லை.
கதவு வரும்வரைதானே இது,
வளர வேண்டியதில்லை.

காலையில் மஞ்சப்பையில்
திரை, ஆணி நாலு, சுத்தியல்.
பாட்டிலை அவளே நிரப்பிக்கொண்டாள்.
ஹெட்மாஸ்டரிடம் கேட்க வேண்டியதை
போகிற வழியில்
அளந்து வெட்டிக்கொள்வேன்.