கொண்டல் ஏறும் நேரம்

தண்டையார்பேட்டை டெப்போவுக்கு முன்பே
பேருந்தை மறித்துவிட்டார்கள்.
"அவ்ளோதாம்பா, எறங்கி நட" என்றார் கண்டக்டர்.
பாக்கி நாலு ரூபாயைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பழவேற்காட்டிலிருந்து
படகு இன்ஜினின் டீசல் பம்ப்பைப்
பழைய கைலியில் சுற்றி
வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான்.
காசிமேட்டில் தனகோட்டி பட்டறை.
காலையில் கொடுத்தால்தான் இன்றே கிடைக்கும்.

தடுப்புகளில் நகைக்கடை விளம்பரம்.
சிரிக்கிற மணப்பெண்ணின் கழுத்தில்
யாரோ லத்தியைச் சாய்த்துவைத்திருந்தார்கள்.

"இன்னா அது?"
"பம்ப்பு சார்."
"பிரி."
பிரித்தேன்.
நாய் முகர்ந்து பார்த்துத் தும்மியது.
கையில் பட்ட கறையை
அவர் என் கைலியிலேயே துடைத்தார்.
"ஓரமா நில்லு. முடிஞ்சப்புறம் போவலாம்."

எது முடிந்தபிறகு என்று
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்
சோற்றுப் பையோடு நின்ற டெலிவரிப் பையன்:
"இந்தத் தெருக் கொடிண்ணா.
மூணு தபா கம்பத்த அறுத்துட்டானுங்கோ.
கோர்ட்டாண்ட போய் வாங்கினு வந்துகிறாங்கோ."
கம்பத்தில் மூன்று வெல்டிங் தழும்பு,
அம்மை குத்திய புஜம்போல.

பத்து இருபதிலிருந்து பத்து நாற்பது வரை அனுமதி.
மேளம் கூடாது. மைக் கூடாது.
கோஷம் இரண்டு, எழுதிக் கொடுத்தபடி.
வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர்.
காக்கியை நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டு
விட்டுவிட்டேன்.
மாடிகளில் நின்றவர்கள் தனி.

கோட்டீஸ்வரி என்று கூப்பிட்டார்கள்.
மாநகராட்சி ஓவர்கோட்டைக் கழற்றி, மடித்து,
தேசப்பன் கையில் கொடுத்துவிட்டு
கயிற்றைப் பிடித்தாள்.
அந்த இழுப்பு எனக்குத் தெரியும்,
முதுகிலிருந்து வருவது.
முடிச்சு அவிழ்ந்தது.
சாமந்தி உதிர்ந்தது, பாதி ஒரு ஏட்டின் தோளில்.
கொடி மட்டும் விரியவில்லை.
பிழியாமல் போட்ட துணியாய்க்
கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது.

எல்லோரும் அண்ணாந்தோம். காக்கியும்.
இரண்டு கோஷமும் செலவாகிவிட்டது.
ஒருவர் கீழே நின்று துண்டால் விசிறினார்.
யாரும் சிரிக்கவில்லை.
இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.

சித்திரைக் கடைசியில்
தரைக்காற்று ஓய்ந்தபின்
ஒன்றரை மணி நேரம் கடல் மூச்சை அடக்கும்.
பதினொன்றேகாலுக்குக் கொண்டல் ஏறும்.
அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
நாக்குவரை வந்தது.
கைலியில் அவர் துடைத்த கறை
இன்னும் ஈரமாக இருந்தது.
சொல்லவில்லை.

"கலைங்க, கலைங்க."
கோட்டீஸ்வரி ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு
மேலே பார்க்காமல் போனாள்.

பட்டறையில் பம்ப்பைக் கழற்றும்போது
பில் புத்தகம் தானாகப் பக்கம் புரட்டியது.
தனகோட்டி ஒரு ஸ்பானரைத் தூக்கி
அதன்மேல் வைத்தார்.
மணி பார்த்தேன்.
பதினொன்று இருபது.
ஐந்து நிமிடம் பிசகு.

திரும்பும்போது தடுப்புகள் ஓரமாகக் குவிந்திருந்தன,
மணப்பெண் குப்புற.
கம்பத்தடியில் ஒரே ஒரு பெண் போலீஸ்.
பறக்கிற தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு
மறுகையில் பாதி தின்ற பிஸ்கட்.
மேலே துணி அடித்த அடியில்
கயிற்றுக் கொக்கி இரும்பில் மோதியது,
டங். டங். டங்.

"இது நிக்கவே நிக்காதாண்ணா?"
என்னைத்தான் கேட்டாள்.

"ராத்திரி எட்டு மணி ஆவும்மா" என்றேன்.
பம்ப்பை இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.